முகம் தெரிகிற படம்

நைகாகாவைத் திட்டாமல் இந்தக் கதையைச் சொல்ல என்னால் முடியாது. திட்டி முடித்ததும் எனக்கே அவள்மேல் பாவமாக இருக்கும், அதுவும் உண்மை. கமுலி ரோட்டில் நம்விகோ சந்தை வாசலில் அவள் கடையும் என் அடுப்பும் பக்கத்துப் பக்கத்தில். அவள் பெண்களுக்குத் தலை பின்னுகிறவள். நான் சப்பாத்தியில் முட்டைப் பொரியலைச் சுருட்டிக் கொடுக்கிறவன். நடுவில் ஒரு தகரம். அந்தப் பக்கம் பேசுவது இந்தப் பக்கம் கேட்கும், இந்தப் பக்கத்துப் புகை அந்தப் பக்கம் போகும்.

"தபிங்வா அண்ணே, உன் சப்பாத்தி வாசனை என் கஸ்டமர் தலையில ஏறி உக்காந்துக்குது. வீட்டுக்குப் போனா புருஷன் கடிச்சுவைக்கப் போறான்" என்பாள்.

அப்படிச் சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவள்தான். ஆனால் மனித உரிமை என்கிற சொல்லை எடுத்துவிட்டால் முகம் மாறிவிடும். காரணம் இருந்தது. நான் சொல்லப்போகிற தேர்தலுக்கு முந்தின உட்கட்சித் தேர்தலில் வரிசையில் நின்ற அவள் அண்ணனைத் தடியால் அடித்து ஒரு காதைச் செவிடாக்கிவிட்டார்கள். போலீஸ் நிலையத்துக்கு அவனை நடத்திக் கூட்டிக்கொண்டு போனவள் இவள். "தேர்தல்னா நாலு அடி விழத்தான் செய்யும், போங்கம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். அடித்ததைவிட, அதை யாரும் எழுதிக்கொள்ளக்கூட இல்லையே என்பதுதான் அவளுக்கு ஆறவில்லை. பக்கத்து நகரமான ஜிஞ்சாவில் இருக்கிற ஒரு மனித உரிமை அமைப்பு, உட்கட்சித் தேர்தலைக் கண்காணிக்க ஊருக்கு ஒரு ஆள் எடுக்கிறது என்று ரேடியோவில் சொன்னதும் முதல் ஆளாகப் போய்ப் பெயர் கொடுத்தாள். பயிற்சி முடித்து மஞ்சள் சட்டையும் கழுத்தில் அட்டையுமாக வந்து இறங்கினாள். கலெக்டரே தோற்றுப்போவார், அப்படி ஒரு மிடுக்கு.

"இனிமே எவனாவது எவனையாவது அடிச்சா நான் எழுதுவேன்" என்றாள்.

"எழுதி?"

"எழுதினா போதும் அண்ணே. நடந்தது நடந்ததுன்னு இருக்கும்ல?"

நான் சப்பாத்தியைப் புரட்டினேன். அவளிடம் வாதாட எனக்குப் பொழுது இல்லை.

எங்கள் பக்கத்தில் ஆளுங்கட்சிச் சீட்டு கிடைத்தவன் ஜெயித்த மாதிரிதான். அதற்குப் பிறகு வருகிற பொதுத்தேர்தல் வெறும் சடங்கு. அதனால் அடிதடி, ஆள் கடத்தல், சாராயம் எல்லாம் உட்கட்சித் தேர்தலில்தான். அந்தத் தேர்தலுக்கு ஓட்டுச்சீட்டும் கிடையாது, பெட்டியும் கிடையாது. மைதானத்தில் ஒவ்வொரு வேட்பாளரின் படத்தையும் ஒருவன் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பான். பிடித்த ஆளின் படத்துக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும். தலையை எண்ணுவார்கள். பட்டப்பகலில், ஊர் பார்க்க, போலீஸ் பார்க்க, கடன் கொடுத்தவன் பார்க்க.

நாங்கள் என்ன மடையர்களா? அதற்கும் ஒரு வழி வைத்திருந்தோம். எண்ணி முடித்து, ஜெயித்தது இவர் என்று சொன்ன அடுத்த நிமிஷம் வரிசை கலையும். கலைந்த கூட்டம் மொத்தமும் ஜெயித்தவர் வீட்டுக்குப் போகும். அங்கே மாடு வெட்டிக் கறிச்சோறு, நாங்கள் பிலாவு என்போம், ஆகிக்கொண்டிருக்கும். எதிர் வரிசையில் நின்றவனும் போய்க் கை நனைத்துவிட்டு, "ஐயா, நான் உங்க வரிசையில ரொம்பப் பின்னாடி நின்னேன், நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க" என்பான். பச்சைப் பொய். ஜெயித்தவருக்கும் அது தெரியும். "பாத்தேன் பாத்தேன், சாப்பிடு" என்பார். அதோடு போயிற்று. யார் எங்கே நின்றார்கள் என்று மறுநாள் எவனும் பேச மாட்டான். பேசினாலும் "நீ கண்டியா?" என்று கேட்டால் முடிந்தது. ஓட்டை மறைக்க எங்களுக்கு இருந்தது அந்தப் பொய் ஒன்றுதான். நானும் இரண்டு தேர்தலில் அந்தப் பிலாவைத் தின்றிருக்கிறேன், நல்ல பிலாவு.

இந்தப் பொய்யை நம்பித்தான் மிரபு அந்த வருஷம் சேர்மனை எதிர்த்த ககோயாவின் வரிசையில் நிற்கத் துணிந்தாள். மிரபு நைகாகாவுக்குச் சின்ன வயதிலிருந்தே தோழி. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், வீட்டில் பிள்ளைகள். சந்தைக்குள் கூரைக்குக் கீழே ஒரு மீன் மேடை அவளுடையது. காய்ந்த பொடிமீனைக் குவித்துவைத்து விற்பாள். அந்த மேடை இருந்தால் சோறு, இல்லாவிட்டால் இல்லை. மேடையை யாருக்குக் கொடுப்பது, யாரிடமிருந்து பிடுங்குவது என்பதெல்லாம் வட்டாரச் சேர்மன் இசிகோ கையில். அதே பதவிக்கு மறுபடி அவரும் அந்தத் தேர்தலில் நின்றார். எதிர்த்து நின்றவள் ககோயா, சந்தையில் துணி விற்றவள், நல்ல வாய். மழைக்கு ஒழுகாத கூரை, பெண்களுக்குக் கதவு உள்ள கழிப்பறை, இந்த இரண்டையும்தான் சொன்னாள். சந்தைப் பெண்கள் அத்தனை பேரும் அவள் பக்கம் சாய்ந்துவிட்டார்கள்.

தேர்தல் நாள் காலையில் நைகாகா மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கர்ப்பிணிகளை வெயிலில் நிற்க வைக்கிறார்களா, போலீஸ்காரன் வரிசையை முறைக்கிறானா, எவனாவது தடி வைத்திருக்கிறானா என்று பார்த்து எழுதினாள். படம் எடுப்பதற்கு ஜிஞ்சாவில் கறாராக ஒரு விதி சொல்லியிருந்தார்கள்: வரிசையைப் பின்னாலிருந்துதான் எடுக்க வேண்டும், முகம் தெரியக் கூடாது. ரோட்டோரம் நின்ற கரும்பு லாரியில் ஏறிக்கொண்டு அப்படியே எடுத்தாள். ககோயா வரிசை மாமரத்தைத் தாண்டி, கிணற்றடியையும் தாண்டி நீண்டது. சேர்மன் வரிசை அதில் பாதி. அதிலும் நடுநடுவே இடம்பிடிக்கத் தண்ணி பிடிக்கிற ஜெரிகேனை வைத்துவிட்டு நிழலுக்குப் போயிருந்தார்கள்.

எண்ண வந்த அதிகாரி சேர்மன் வரிசையில் ஜெரிகேனையும் தொட்டு எண்ணினார். எண்பது வரைக்கும் ஒழுங்காக வந்தவர் அடுத்த தலையைத் தொட்டு "நூத்தி முப்பது" என்றார். ககோயா வரிசையில் மாமரத்தோடு நிறுத்திவிட்டுக் "கிணத்தடியில இருக்கிறவங்க தண்ணி எடுக்க வந்தவங்க" என்றார். சத்தியமாக அப்படித்தான் சொன்னார், என் காதால் கேட்டேன். சேர்மன் ஜெயித்ததாக அறிவித்தார்.

பெண்கள் போட்ட கூச்சலில் மாமரத்துக் காக்கையெல்லாம் பறந்துவிட்டது. போலீஸ்காரன் துப்பாக்கியை மாற்றிப் பிடித்தான். வேறு யாரிடம் சொல்வது? வரிசை மொத்தமும் அப்படியே திரும்பி, லாரிமேல் நின்ற மஞ்சள் சட்டையைப் பார்த்தது.

"நைகாகா! பாத்தியா? எழுதிக்கோடி! எல்லாத்தையும் எழுதிக்கோ!" என்று கத்தியது மிரபுதான்.

கைநீட்டிக்கொண்டு, வாயைத் திறந்துகொண்டு, கண்ணீரோடு அத்தனை முகம். நைகாகாவுக்கு விதியெல்லாம் மறந்துபோயிற்று. போனைத் தூக்கி எடுத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் வழக்கம்போல எல்லோரும் சேர்மன் வீட்டுக்குப் போனோம். மிரபுவும் வந்தாள். ஆண்களுக்கு முன்னால் எங்கள் பெண்கள் மண்டியிட்டு வணங்குகிற வழக்கப்படி மண்டியிட்டு, "ஐயா, உங்க வரிசையில நின்னு நின்னு காலே வீங்கிப்போச்சு" என்றாள். சேர்மன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "பாத்தேனே! இவளுக்கு ரெண்டு தட்டு வைங்கடா" என்றார். மிரபு உள்ளுக்குள் கொதித்துக்கொண்டே இரண்டு தட்டையும் சாப்பிட்டாள். மேடை பிழைத்தது.

நைகாகா மட்டும் அங்கே வரவில்லை.

ககோயா விடுவதாக இல்லை. தலைநகர் காம்பாலாவில் கட்சியின் மேல்முறையீட்டுக் குழுவில் மனுப் போட்டாள். நைகாகா எடுத்த முதுகுப் படங்களைக் கொண்டுபோய்க் காட்டினாள். குழுவில் இருந்த வக்கீல் படத்தைப் பார்த்துச் சிரித்தாராம். "இது வெறும் முதுகும்மா. பஸ்ஸுக்கு நிக்கிற கூட்டமா, சாவு வீட்டுக் கூட்டமா, நாங்க எப்படி நம்புறது?" திரும்பி வந்த ககோயா நேராக நைகாகா கடைக்குள் நுழைந்தாள்.

"முகம் தெரியற படம் ஒண்ணு உன்கிட்ட இருக்கு. இல்லைன்னு சொல்லாத, நீ எடுத்ததை நான் பாத்தேன்."

"அது வெளிய போகக் கூடாது அக்கா. விதி."

"விதியா? அவன் நூத்தி முப்பதுன்னு எண்ணினானே, அது எந்த விதி? எழுதினா போதும், எழுதினா போதும்னு ஊரெல்லாம் சொன்ன. எழுதினது இப்ப எதுக்குடி ஆகும், அடுப்பெரிக்கவா?"

தகரத்துக்கு இந்தப் பக்கம் நான் மாவு பிசைவதை நிறுத்திவிட்டேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டாள் ககோயா.

மறுநாள் நைகாகா சந்தைக்குள் போய்ப் படத்தில் இருந்த பெண்களைக் கூப்பிட்டு வைத்துக் கேட்டாள். அதைச் சொல்லியாக வேண்டும், கேட்காமல் அவள் கொடுக்கவில்லை. "கொடு, கொடு, எங்களுக்கென்ன பயம்?" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். கோபம் இன்னும் சூடாக இருந்த நேரம். மிரபு மட்டும் மீனைப் புரட்டிக்கொண்டு தலை நிமிரவில்லை.

"வேணாம்டி. ரெண்டு தட்டு தின்னுட்டு வந்திருக்கேன். அவர் கண்ணுல இந்தப் படம் பட்டா என் மேடை போயிரும்."

"அவர் எப்படிப் பாப்பாரு? காம்பாலாவுல குழுவுல இருக்கிற பெரியவங்க மட்டும்தான் பாப்பாங்க. அவங்க பாத்துட்டு வெச்சிருவாங்க."

"உனக்கு நல்லாத் தெரியுமா?"

"எனக்குத் தெரியாதா? பயிற்சி எடுத்தது நானா, நீயா?"

மிரபு சிதறின மீனைக் குவியலோடு சேர்த்தாள். "நீ சொன்னா சரி" என்றாள்.

அடிப்பாவி, எவ்வளவு தைரியமாகச் சொன்னாள்! நைகாகா பொய் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நம்பி, படத்தைக் ககோயாவிடம் கொடுத்தாள். மனுதாரர் கொடுக்கிற சாட்சியம் எதுவானாலும் எதிராளிக்கும் ஒரு நகல் கொடுத்தாக வேண்டும், அதுதான் நியாயமான விசாரணை என்று அந்தக் குழுவுக்கு ஒரு விதி இருந்திருக்கிறது. ஜெரிகேனை எண்ணுகிற கட்சி அந்த ஒரு விதியை மட்டும் எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தது.

கொஞ்ச நாளில் ககோயா மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள். அதற்குப் பதிலாக அவளுக்கு மாவட்டத்து நில வாரியத்தில் உறுப்பினர் பதவி கொடுத்தார்கள். ஒற்றுமைக்காக விட்டுக்கொடுத்தேன் என்று சேர்மன் பக்கத்தில் நின்று ரேடியோவில் பேசினாள். என் அடுப்புக்கு மேல் தொங்குகிற ரேடியோவில்தான் கேட்டேன். வாழைத்தாரை வீசுகிற மாதிரி அந்த ரேடியோவை ரோட்டில் வீசியிருப்பேன், வேறு ரேடியோ இல்லாததால் விட்டேன். வழக்கு போயிற்று, படம் மட்டும் சேர்மன் கையில் தங்கிவிட்டது.

சேர்மன் ஒருநாள் காலையில் சந்தைக்கு வந்தார். கூடச் சுங்கம் வசூலிக்கிறவன். போஸ்டர் அளவுக்குப் பெரிதாக்கிய படத்தைச் சுருட்டி அக்குளில் வைத்திருந்தான். சேர்மன் கத்தவில்லை, யாரையும் அடிக்கவில்லை. மிரபு மேடைக்கு எதிரே ஒரு முக்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்தார். மிரபு மண்டியிட்டாள்.

"கால் வீக்கம் வத்திருச்சா மிரபு?"

"ஐயா..."

படத்தை விரித்துக் காட்டினான் அந்தச் சுங்கக்காரன். முன்வரிசையில் வாயைப் பிளந்துகொண்டு, கையை நீட்டிக்கொண்டு மிரபு.

"நீ அங்க நின்னது எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றார் சேர்மன். "நீ வந்து பொய் சொன்ன, நான் ரெண்டு தட்டு வெச்சேன். உனக்கும் மரியாதை, எனக்கும் மரியாதை. நான் உன்னை ஏதாவது செஞ்சேனா?"

"இல்லைங்க ஐயா."

"இப்ப இது காம்பாலா வரைக்கும் போயி வந்திருக்கு. நாலு பேர் பாத்துட்டாங்க. இதுக்கு மேல நான் தெரியாத மாதிரி இருந்தா என்னை எவன் சேர்மன்னு மதிப்பான்? நீயே சொல்லு."

அவர் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. வருத்தப்பட்டுக்கொண்டே மேடையைப் பிடுங்கினார். மிரபு மேடையோடு நிற்கவில்லை. படத்தைப் பிடித்துக்கொண்டு மேடை மேடையாகப் போனார்கள். முகத்தையும் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். மத்தியானத்துக்குள் சந்தையில் பாதி காலி.

நைகாகா ஜிஞ்சாவுக்குப் போன் போட்டாள். போனைச் சத்தமாக வைத்திருந்தாள், எனக்கும் கேட்டது.

"முகத்தை எடுக்காதீங்கன்னு பயிற்சியில சொன்னோமே நைகாகா" என்றாள் அவளுக்குப் பயிற்சி கொடுத்த அம்மாள்.

"எடுத்துட்டேன் மேடம். தப்புதான். இப்ப இவங்களுக்கு என்ன வழி?"

"நம்ம திட்டம் தேர்தல் நாளோட முடிஞ்சிருச்சு. நீங்க எழுதி அனுப்புங்க. பதிவு பண்ணிக்கிறோம்."

எழுதினால் போதும் என்றவளுக்கு அந்தப் பதில் வந்தது.

மிரபு கூடையில் மீனை வைத்து ரோட்டோரம் விற்றுப் பார்த்தாள். சுங்கக்காரன் வந்து கூடையை எட்டி உதைத்தான். மண்ணில் சிதறின பொடிமீனைப் பொறுக்க நைகாகா ஓடினாள்.

"தொடாத" என்றாள் மிரபு.

"நான் கூடப் பொறுக்கித் தரேன்டி."

"நீ பொறுக்கித் தந்ததெல்லாம் போதும். 'பெரியவங்க மட்டும்தான் பாப்பாங்க.' நான் உன்னைக் கேட்டேன்ல? நல்லாத் தெரியுமான்னு கேட்டேன்ல? தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உன் மஞ்சச் சட்டை கழண்டு விழுந்திருக்குமா?"

நைகாகா அந்த மண்ணிலேயே நின்றாள். மிரபு தனியாகப் பொறுக்கினாள். மண்ணோடு சேர்ந்த மீனை யாரும் வாங்கவில்லை. பெரிய பெண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி இகாங்காவில் ஒரு வீட்டில் வேலைக்கு விட்டாள்.

தலை பின்ன நைகாகாவிடம் வருகிற கூட்டமும் குறைந்தது. யாரும் சண்டை போடவில்லை. எதிர்க்கடைக்குப் போனார்கள், அவ்வளவுதான். தகரத்துக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தமே இல்லாமல் போனது. என் புகையைப் பற்றிக்கூட அவள் குறை சொல்லவில்லை. ஏதாவது சொல்லமாட்டாளா என்று வேண்டுமென்றே ஈர விறகை வைத்து ஊதிப் பார்த்தேன். இருமிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மிரபுவுக்கு மேடை திரும்பக் கிடைத்தது. எப்படி என்று விலாவாரியாகச் சொல்ல எனக்கு மனமில்லை. சேர்மன் வீட்டு வாசலில் ஞாயிறு தவறாமல் போய் மண்டியிட்டாள். அவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பாத்திரம் கழுவினாள். அடுத்த தேர்தலுக்குச் சில மாதம் இருக்கும்போது, "போ, போயி உன் இடத்துல உக்காரு. இந்தத் தடவை நான் பாத்துக்கிட்டே இருப்பேன்" என்று சொல்லி அனுப்பினார். மற்றவர்களுக்கும் அதே வாக்கியம்தான்.

ஐந்து வருஷம் கழித்து மறுபடி உட்கட்சித் தேர்தல் வந்தது. நைகாகா மஞ்சள் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டாள். "இன்னுமா உனக்குப் புத்தி வரல?" என்று கேட்டேன்.

"நான் இல்லாட்டி வேற எவளாவது வருவா அண்ணே. அவளும் தெரியாததைத் தெரியும்னு சொல்லுவா" என்றாள்.

அந்தத் தடவை எதிர்த்து நின்றவன் ஒரு வாத்தியார். அவன் படத்தைப் பிடித்துக்கொண்டு அவன் தம்பி நின்றான். தம்பிக்குப் பின்னால் ஒரு ஈ காக்கை இல்லை. வாத்தியாரின் மாமியார்கூடச் சேர்மன் வரிசையில் நின்றாள். வரிசை மாமரம், கிணற்றடி, மாதா கோயில் எல்லாவற்றையும் தாண்டிக் கரும்புக் காட்டுக்குள் போனது. எண்ண வந்த அதிகாரி ஒவ்வொரு தலையாகத் தொட்டு, ஒரு எண்ணைக்கூட விடாமல் எண்ணினார். ஜெரிகேனை ஒதுக்கிவைக்கச் சொன்னார். ஜிஞ்சாவிலிருந்து வந்த அம்மாள் காரில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "அருமை நைகாகா. அடிதடி இல்லை, தகராறு இல்லை, எண்ணிக்கையில ஒரு குளறுபடி இல்லை. உங்க ஊரைத்தான் முன்மாதிரியா எழுதப்போறேன்" என்றாள். நைகாகா அதை அப்படியே எழுதிக்கொண்டாள். எழுதுவதற்கு வேறு என்ன இருந்தது? எல்லாம் விதிப்படிதான் நடந்தது.

அந்தக் கார் போனதும் அவள் வரிசைக்குப் பின்னால் வந்து போனை எடுத்தாள், முதுகுகளை எடுக்க.

"நைகாகா!" முன்னால் நின்ற மிரபு கூப்பிட்டாள். வருஷக்கணக்கில் அவள் பெயரையே சொல்லாதவள். "அங்க முதுகை எடுத்து என்ன பண்ணப்போற? முன்னாடி வா. என் முகம் நல்லாத் தெரியற மாதிரி எடு."

"முகம் எடுக்கக் கூடாது மிரபு."

"அன்னைக்கு எடுத்தல்ல? இன்னைக்கும் எடு. எடுத்து அவருக்கு அனுப்பு. நாங்க நின்னதுக்கு அத்தாட்சி வேணும்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலாம். மீனை எடை போடச் சொல்கிற குரலில் சொன்னாள். அவளுக்குப் பின்னால் நின்ற பெண்கள் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டார்கள். "என்னையும் எடுடி." "எனக்குப் பாதி மறைக்குது, கொஞ்சம் தள்ளி நில்லு." "பேரையும் கூடப் போட்டு அனுப்பு."

நைகாகா போனைக் கையில் வைத்துக்கொண்டு மிரபுவையே பார்த்தாள். பிறகு முன்னால் வந்தாள். கண் வழிந்துகொண்டே இருந்தது, துடைக்கவில்லை. ஒவ்வொரு முகமாக நின்று நிதானமாக, தெளிவாக விழுந்திருக்கிறதா என்று காட்டிக் காட்டி எடுத்துக்கொண்டே வந்தாள்.

வரிசையில் நின்ற என்னிடம் வந்தபோது, முகம் தெரியட்டும் என்று நானும் தொப்பியைக் கழற்றினேன்.